பாறை மேல் ஏறிச் சொன்ன ஆங்கிலம்

1. வேலைக்குச் சேர்ந்த அன்று

கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் மொத்தமே இரண்டு வார்த்தைதான்.

"இங்க பாரும்மா ராணி, கெஸ்ட் என்ன கேட்டாலும் இல்லைங்கிற வார்த்தை உன் வாயில வரக் கூடாது. நோ ப்ராப்ளம் சார், நோ ப்ராப்ளம் மேடம். அம்புட்டுதான் உன் சோலி."

நானும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். அன்று காலையிலிருந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. சுடுதண்ணீர் வருமா? நோ ப்ராப்ளம். ஹீட்டர் வேலை செய்யுமா? நோ ப்ராப்ளம். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் கிட்டித்துப்போய்க் கீழே இறங்கி வந்த ஒரு குடும்பம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எரித்துவிடாமல் விட்டது என் நல்ல நேரம். அந்தச் சூட்டில் நானாவது குளிர் காய்ந்திருக்கலாம்.

மத்தியானம் டெல்லிக்காரர் ஒருவர் வந்தார். சாயங்காலம் மதுரையில் ஃபிளைட். சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாமா என்று கேட்டார். வெளியே எட்டிப் பார்த்தேன். எதிர்க்கடை போர்டு தெரியவில்லை, அவ்வளவு மூட்டம். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். நான் வாயைத் திறந்தேன்: "சார், மிஸ்ட் மேக்ஸ் இட் ஹார்ட் டு டிரைவ் ஃபாஸ்ட்." மூட்டம் இருப்பதால் வேகமாக ஓட்டுவது கஷ்டம் என்று சொல்கிறேனாம். அந்த மனிதர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் சாப்பாட்டைக் கேன்சல் செய்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார். சாயங்காலம் ஏர்போர்ட்டிலிருந்து போன். கேட் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே போய்விட்டாராம். ரிசப்ஷனில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், அவர் ஒருவர்தான் எனக்கு உண்மையைச் சொன்னார் என்றாராம்.

போனை எடுத்தவர் மேனேஜர். "நீ என்னத்தம்மா சொன்ன அந்தாளுகிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நாலு பேரு சாப்பாடு வீணாப் போச்சே" என்றார். ஆனால் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை. கஷ்டத்தைக் கஷ்டம் என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே இத்தனை காலம் பிழைத்திருக்கிறேன்.

2. குற்றவாளியைக் கூண்டில் ஏற்று

ஹோட்டல் வேலையை விட்டபிறகு ஊரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் நடத்துகிறேன். என்னிடம் வருகிறவர்கள் ஜீப் ஓட்டுகிறவர்கள், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், காட்டுப் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போகும் டிரெக்கிங் கைடுகள். இவர்களுக்கு 'ஹௌ ஆர் யூ' சொல்லித்தர நான் வேண்டாம். அதை ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கிறவரே என்னைவிட ஸ்டைலாகச் சொல்வார். வண்டி நடுவழியில் நின்றுபோனால், மழை பிடித்துக்கொண்டால், பாதை வழுக்கினால் என்ன சொல்வது? அங்கேதான் எல்லோரும் ஓடிப்போய் நோ ப்ராப்ளத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

அதனால் என் கிளாஸில் முதல் பாடமே மேக்ஸ் இட் ஹார்ட்தான். இப்படித்தான் ஆரம்பிப்பேன்:

"தமிழ்ல நாம 'நடக்கக் கஷ்டமா இருக்கு'ன்னு சொல்லிட்டு நிப்பாட்டிருவோம். யாரு கஷ்டப்படுத்துனது? தெரியாது. இங்கிலீஷ்ல மொதல்ல குற்றவாளியக் கூண்டுல ஏத்து. பொறவு மேக்ஸ் இட் ஹார்ட். அதுக்குப் பொறவு எந்த வேலை கெட்டுச்சுன்னு சொல்லு. ரெயின் மேக்ஸ் இட் ஹார்ட் டு வாக். மழை குற்றவாளி, கெட்டது நடை. முடிஞ்சுது கேஸு!"

யாருக்குக் கஷ்டம் என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் ஆளைச் செருக வேண்டும்: மேக்ஸ் இட் டிஃபிகல்ட் ஃபார் சில்ட்ரன் டு வாக். வேகம் மட்டும் குறைகிறதென்றால் ஸ்லோஸ் அஸ் டௌன். வேலையே நின்றுபோனால் ஸ்டாப்ஸ் அஸ் ஃப்ரம் கோயிங். இவை கையில் இருந்தால் இந்த மலையில் எந்தக் கஷ்டத்தையும் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

கதிரேசன் செட் கைடுகளுக்கு இந்தப் பாடம் எடுத்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கதிரேசன் வடகவுஞ்சிக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, மலையை விட்டு இருக்க முடியாமல் திரும்பி வந்தவர். செட்டில் மொத்தம் ஐந்து பேர், அவர்தான் தலை. எடுத்த எடுப்பில் எழுந்து நின்று, "மை மதர் இன் லா மேக்ஸ் இட் டிஃபிகல்ட் ஃபார் மீ டு வாட்ச் கிரிக்கெட்!" என்றார். கிளாஸே அதிர்ந்தது. சரோஜா விடுவாரா? செட்டில் இருக்கும் ஒரே பெண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இங்கே வெள்ளகவிப் பக்கம் சொந்தம் உள்ள ஒரு கைடைக் கல்யாணம் செய்துகொண்டு, தானும் கைடானவர்.

"ஹஸ்பெண்ட்ஸ் ஸ்னோரிங் ஸ்டாப்ஸ் மீ ஃப்ரம் ஸ்லீப்பிங். சரிதானே மிஸ்?"

"நூத்துக்கு நூறு!" என்றேன். அவர் புருஷனும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், பாவம்.

இவர்கள் இவ்வளவு தீவிரமாகப் படித்ததற்குக் காரணம் இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி பள்ளிப் பிள்ளைகளை மலையேற்றத்துக்கு அழைத்துவருகிறது. வருஷம் முழுக்க அந்த வேலையை இந்த ஐந்து பேருக்கே கொடுப்பதாகப் பேச்சு நடந்தது. அதற்கு முன்னால் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஹெலன் என்ற வெள்ளைக்கார அம்மா வந்து, கைடுகளோடு மலைக்குக் கீழே வெள்ளகவி ஊருக்கு இறங்கும் பாதையில் நடந்து பார்ப்பார். அவர் சரி என்றால் வேலை உண்டு. இல்லை என்றால் இல்லை.

"இது கெடைக்கலேன்னா மறுபடியும் பஸ் ஏற வேண்டியதுதான் டீச்சர்" என்றார் கதிரேசன். "திருப்பூர்ல அந்த மெஷின் சத்தத்துல எனக்கு என் பேரே மறந்துபோகும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

3. வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஹெலன் நடந்து பார்க்கும் நாளில் வெள்ளனே கிளம்பினோம். தேவைப்பட்டால் மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். ஆனால் கைடு தன் வாயாலேயே பேச வேண்டும் என்று ஹெலன் கறாராகச் சொல்லிவிட்டார். நரைத்த முடி, உயரமான உருவம், இரண்டு கையிலும் ஊன்றுகோல். பேச்சில் ஒரு சொல் கூடுதல் கிடையாது. எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

வட்டக்கானலைத் தாண்டியதும் பாதை சோலைக்காட்டுக்குள் இறங்குகிறது. படி என்று தனியாக ஒன்றும் இல்லை, மரத்து வேர்தான் படி. முந்தின நாள் மழைக்கு இலை உதிர்ந்து வேரை மூடிக் கிடந்தது. ஹெலன் நின்றார். ஆங்கிலத்தில் கேட்டார்: "கதிரேசன், இந்த இடத்தில் குழந்தைகளுக்கு என்ன கஷ்டம் வரும்?"

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதி. என் கிளாஸ் கேள்வியேதான்! சொல்லு ராசா, வெட் லீவ்ஸ் மேக் இட் ஹார்ட், சொல்லு!

கதிரேசன் சிரித்த முகத்தோடு சொன்னார்: "நோ ப்ராப்ளம், மேடம்."

சரி, பதற்றம். ஆரம்பம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் கீழே பாதை குறுகி, ஒரு பக்கம் சரிவு. கீழேயிருந்து மூட்டை சுமந்த குதிரை ஒன்று வந்தது. கதிரேசன் சட்டென்று ஹெலனை மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, குதிரை போகும்வரை பள்ளத்துப் பக்கம் தானே நின்றுகொண்டார். செய்வதெல்லாம் சரியாகத்தான் செய்கிறார். "குதிரை வந்தால் குழந்தைகள் என்ன செய்வார்கள்?" என்று ஹெலன் கேட்டதும், மறுபடியும் "நோ ப்ராப்ளம், மேடம்." பள்ளத்திலிருந்து மூட்டம் எழும்பி முன்னால் போகிறவரின் முதுகை மறைத்தது. அதைக் கேட்டதற்கும் நோ ப்ராப்ளம். நடுநடுவே சரோஜா, "ஓகே மேடம்?" என்று ஹெலனைக் கேட்டுக்கொண்டு வந்தார். ஹெலனும் பதிலுக்கு "நோ ப்ராப்ளம்" என்றார். போதாக்குறைக்கு இவர் வேறா என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. கதிரேசனைப் பின்னால் இழுத்தேன்.

"ஏலே கதிரேசா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? கிளாஸ்ல மாமியாரையே கூண்டுல ஏத்துனியே, இங்க ஒரு இலைய ஏத்த முடியாதா?"

அவர் தரையைப் பார்த்தார். "அது இங்க ஆகாது டீச்சர்."

"ஏன் ஆகாது?"

அவர் முன்னால் நடந்துவிட்டார். சரோஜா என் சால்வையைப் பிடித்து இழுத்தார்.

"மிஸ், உங்களுக்கு விளங்கலையா? நான் கல்யாணம் கட்டி வந்த புதுசுல இந்தப் பாதையில வந்துக்கிட்டே 'சே, என்னா பாதை இது'ன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரர் அப்படியே நின்னுட்டார். நான் குனிஞ்சு தரையத் தொட்டுக் கும்பிட்ட பொறகுதான் அடுத்த அடி எடுத்து வச்சார். பாதையில காலை வச்சுக்கிட்டே பாதையப் பழிக்கக் கூடாது மிஸ். வழுக்குது, ஆபத்து, கஷ்டம், ஒண்ணும் சொல்லப்படாது. நம்மளத் தாங்குறது அதுதானே? ஒருத்தர் நம்மளத் தூக்கிக்கிட்டுப் போறப்ப, இடுப்புல இருந்துக்கிட்டே அவங்களத் திட்டுவோமா?"

கீழே வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மண்ணுக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதை ஊர் எல்லைக்கு வெளியே பாதை முழுக்க நீண்டு கிடக்கிறது என்று மட்டும் தெரியாது. நானோ டவுனில் தார் ரோட்டில் வளர்ந்தவள். பாதையையே கூண்டில் ஏற்றச் சொல்லிவிட்டு, அதன் மேலேயே நின்றுகொண்டு சாட்சி சொல்லு என்று இவர்களை அனுப்பியிருக்கிறேன்!

ஓடிப்போய்க் கதிரேசனைப் பிடித்தேன். "இங்கிலீஷ்ல சொன்னாப் பாதைக்குப் புரியாதுப்பா!"

"பாதைக்குப் புரியாது டீச்சர். எனக்குப் புரியுமில்ல?"

"வேலை போயிருமே!"

"போனாப் போவுது." சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டார். ஒரு பக்கம் திருப்பூர் பஸ், ஒரு பக்கம் இந்த மண். இரண்டுக்கும் நடுவில் இந்த மனிதர் நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம் என்று சொல்லிக்கொண்டு நடக்கிறார்.

4. பாறை

செங்குத்தாக இறங்கும் இடம் ஒன்று வந்தது. ஹெலன் அங்கே நின்றுவிட்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று நானே அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"அந்த மரியாதை எனக்குப் புரிகிறது. ஆனால் வழுக்கும் என்று யாரும் சொல்லாவிட்டாலும் குழந்தை விழத்தானே செய்யும்? ஆபத்தை வாயால் சொல்லாத கைடை நம்பி நான் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன். மன்னியுங்கள். திரும்பலாம்."

அதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கைடுகளிடம் தமிழில் சொன்னேன். சரோஜாவின் புருஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கதிரேசன் மட்டும் அசையவில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். பாதையை ஒட்டி, பாசி படர்ந்து, ஆள் உயரத்துக்கு ஒரு பாறை கிடந்தது. அதைக் கை காட்டிக் கேட்டார்.

"டீச்சர், அந்தப் பாறை பாதையில சேராதுல்ல?"

"சேராது!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு பறவை எழும்பிப் பறந்தது.

"அது வெளியதானே கெடக்கு" என்றார் சரோஜாவும்.

கதிரேசன் இரண்டே தாவலில் பாறை மேல் நின்றார். முதலில் பாதையைப் பார்த்து ஒரு கும்பிடு. அப்புறம் ஹெலனைப் பார்த்து வாயைத் திறந்தார் பாருங்கள், மருதாநதி அணையில் ஷட்டரைத் தூக்கிவிட்டது மாதிரி!

"மேடம்! வெட் லீவ்ஸ் மேக் இட் ஹார்ட் டு ஸீ த ரூட்ஸ்! லோடு ஹார்ஸ் மேக்ஸ் இட் டிஃபிகல்ட் ஃபார் சில்ட்ரன் டு பாஸ்! சில்ட்ரன் ஸ்டாண்ட் ஹில் சைடு, நாட் வேலி சைடு! மிஸ்ட் ஸ்டாப்ஸ் அஸ் ஃப்ரம் ஸீயிங் லாஸ்ட் சைல்ட்! ஸோ ஒன் கைடு ஆல்வேஸ் லாஸ்ட்! ஆஃப்டர் பிக் ரெயின், திஸ் ஸ்லோப், ஐ ஸ்டாப்! ஐ டோன்ட் கோ!"

இலை வேரை மறைக்கிறது, குதிரைக்கு மலைப் பக்கம் ஒதுங்க வேண்டும், மூட்டத்தில் கடைசிப் பிள்ளை தெரியாது, பெருமழைக்குப் பிறகு இந்தச் சரிவில் இறங்கவே மாட்டேன். எல்லாக் குற்றவாளியும் வரிசையாகக் கூண்டில்! நான் கைதட்டினேன், குதித்தேன், என் வயசுக்குச் செய்யக் கூடாததெல்லாம் செய்தேன். அவர் முடிப்பதற்குள் சரோஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார்.

"லீச்சஸ் ஸ்லோ அஸ் டௌன், மேடம்! சில்ட்ரன் ஸீ லீச், சில்ட்ரன் ரன், சில்ட்ரன் ஃபால்!"

"அட்டையச் சொல்றா!" என்று அவர் புருஷன் எனக்கு மொழிபெயர்த்தார், எனக்கே! அடுத்தது நான், அடுத்தது நான் என்று கீழே ஒரே தள்ளுமுள்ளு. ஹெலன் கீழே நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். அப்போது என்ன செய்வீர்கள்? யார் முன்னால் போவது? ஒவ்வொன்றுக்கும் பாறையிலிருந்து பதில் வந்தது. ஹெலன் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறம் சிரிப்பு நின்றது. அந்தச் செங்குத்துச் சரிவை ஒரு தரம் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "அங்கே யார் வேண்டுமானாலும் ஏறலாமா?" என்று கேட்டார்.

கதிரேசனிடம் கேட்டேன். "தாராளமா வரச் சொல்லுங்க டீச்சர்."

ஹெலனால் ஏற முடியவில்லை. பாறையின் தாழ்ந்த ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு காலைத் தானாகவும் இன்னொரு காலைக் கையால் பிடித்தும் பாதையிலிருந்து தூக்கிப் பாறை மேல் வைத்தார்.

"மை நீ மேக்ஸ் இட் ஹார்ட் ஃபார் மீ டு கோ டௌன்."

முட்டி. இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் உயிர் போகிறது என்றார். ஆபீஸில் சொல்லவில்லை. சொன்னால் மலையிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள் என்ற பயம். காலையிலிருந்து சரோஜா கேட்டதற்கெல்லாம் பொய்தான் சொன்னேன் என்றார். சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

கதிரேசன் பாறையிலிருந்து இறங்கி வந்தார். "மேடத்துக்கிட்டச் சொல்லுங்க டீச்சர். ஏறும்போது அம்புட்டு வலிக்காது. வெரசாப் போக வேண்டியதில்ல. இன்னைக்கு நடை இம்புட்டுதான்." ஹெலனை நடுவில் விட்டு, முன்னால் கதிரேசனும் பின்னால் சரோஜாவுமாக மேலே கூட்டி வந்தார்கள். பாதையில் கால் வைத்த பிறகு ஒருவரும் கஷ்டம் என்ற பேச்சையே எடுக்கவில்லை, ஹெலன் உள்பட.

5. இளைய ஆசிரியர்களுக்கு

வேலை அந்த ஐந்து பேருக்குத்தான் கிடைத்தது. ஹெலன் போட்ட நிபந்தனை ஒன்றுதான். எந்தக் குழு வந்தாலும் செங்குத்தில் இறங்குவதற்கு முன்னால் அந்தப் பாறையில் நிற்க வேண்டும். கைடு தன் கஷ்டங்களைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளும் கூட வரும் வாத்தியார்களும் அவரவர் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். ஷூ கடிக்கிறது, உயரம் பயம், மூச்சு வாங்குகிறது, எதுவானாலும். ஒருமுறை ஒரு பி.டி. வாத்தியாரே ஏறி நின்று தலைசுற்றுகிறது என்று சொன்னாராம். ஹெலனும் ஆபீஸில் முட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. இப்போதும் வருகிறார், பாறை வரைக்கும்.

இதற்குப் பிறகு என் கிளாஸே தலைகீழாக மாறிவிட்டது. புது பேட்ச் வந்ததும் முதலில் கேட்பது, "இந்த வாக்கியத்த எங்க நின்னு சொல்லப் போறீங்க?" என்பதைத்தான். என்னென்ன வெளியே வருகிறது தெரியுமா! ஜீப் டிரைவர் ஒருவர், ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டு பிரேக் சரியில்லை என்று சொல்லவே மாட்டாராம். "வண்டிக்கு மனசு விட்டுப்போகும் டீச்சர்." இறங்கி நின்று சொல்லச் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னார், அத்தனையும் சரியான ஆங்கிலத்தில். கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான் கற்றது இதுதான். ஒருவருக்கு வாக்கியம் வரவில்லை என்றால் நாக்குதான் காரணம் என்று நாம் அவசரப்பட்டு முடிவு கட்டுகிறோம். இன்னும் பத்துத் தடவை சொல்லு என்கிறோம். அவருக்கு வாக்கியம் நன்றாகத் தெரிந்திருக்கும். சொல்ல ஓர் இடம்தான் இருக்காது. அதனால் அடுத்த முறை யாராவது உங்களிடம் நோ ப்ராப்ளம் என்றால், அவர் வாயைப் பார்க்காதீர்கள். கொஞ்சம் குனிந்து, அவர் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.